யான்கோ கடையில் விரிந்த இரண்டு துணிகள்

திருப்பூரில் பனியன் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த நாலாவது வருடம் இஸ்தான்புல்லில் இருந்து ஒரு சின்ன ஆர்டர் வந்தது. வட்டக் கழுத்து டி-ஷர்ட். முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல். ஒரு பாதி சிவப்பு, மறு பாதி மஞ்சள். உறைக்குள் கையகலத்தில் இரண்டு துண்டுத் துணிகளைப் பின் அடித்து வைத்திருந்தார்கள். இந்த இரண்டு ஷேடும் அச்சு அசலாக வர வேண்டும் என்று மெயிலில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது.

சாயம் பொருந்துகிறதா என்று பார்க்கச் சிறு துண்டில் முக்கி அனுப்பும் மாதிரியை லேப் டிப் என்போம். சிவப்பு இரண்டாவது லேப் டிப்பிலேயே பாஸ் ஆகிவிட்டது. மஞ்சள்தான் உயிரை எடுத்தது. எலுமிச்சை மஞ்சள் அனுப்பினோம், திரும்பி வந்தது. மாம்பழ மஞ்சள் அனுப்பினோம், அதுவும் வந்தது. கடைசியில் சாயப்பட்டறை மாஸ்டர் அந்தத் துண்டை லைட் பாக்ஸுக்குள் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள ஆரஞ்சு ஒளிஞ்சிருக்கு. வெளியே தெரியக் கூடாது, ஆனா இருக்கணும்" என்றார். அந்தத் துளி ஆரஞ்சு சேர்ந்த பிறகுதான் ஐந்தாவது டிப் பாஸ் ஆனது. அப்புறமும் நிம்மதி இல்லை. அடர் சிவப்பையும் மஞ்சளையும் ஒட்டித் தைத்தால் முதல் சலவையிலேயே சிவப்பு இறங்கி மஞ்சளில் ஏறும். தையல் ஓரம் நெடுக இளஞ்சிவப்புக் கறை நிற்கும். சோப்புக் கழுவலைக் கூட்டி, சாயத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸர் போட்டு, அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம்.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஆர்டர் கொடுத்த பையரிடம் கேட்டேன், ஒரு மஞ்சளுக்கு ஏன் இவ்வளவு என்று. அவர் பதிலாக ஒரு பத்தியை அனுப்பினார். நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளி மாணவன் துணிக்கடைக்குப் போன கதை அது. பெரியவனான பிறகு அவனே நினைவுகூர்ந்து எழுதியது. அதில் எங்கள் மாஸ்டர் சொன்னதே இருந்தது: ஆரஞ்சின் சுவடு கொண்ட மஞ்சள். அன்றைக்குப் பிடித்த பற்று, இன்னும் என்னை விடவில்லை. அந்தச் சிவப்பும் மஞ்சளும் இஸ்தான்புல்லின் கலத்தாசராய் என்ற கால்பந்து அணியின் நிறங்கள். அந்த அணியின் கோப்பைகளைப் பற்றியும் ஆட்டக்காரர்களைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அணி ஒரு வகுப்பறையில் பிறந்த விதத்தையும், அதன் பெயரும் நிறமும் எழுத்தும் வந்து சேர்ந்த விதத்தையும்தான் நான் எழுத விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். இஸ்தான்புல்லின் ஐரோப்பியக் கரையில், பொற்கொம்பு என்று சொல்லப்படும் நீர்முகத்துக்கு வடக்கே இருப்பது கலத்தா. ஜெனோவா வணிகர்கள் மதில் கட்டி வாழ்ந்த பகுதி. 1348-இல் அவர்கள் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. பால் என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து கலத்தா என்ற பெயர் வந்தது என்பார்கள். துறைமுகத்துக்கு இறங்கும் சரிவைக் குறிக்கும் இத்தாலியச் சொல் என்றும் சொல்வார்கள். சராய் என்றால் அரண்மனை. மொகல்சராய் என்ற ரயில் நிலையப் பெயரில் நாம் கேட்டுப் பழகிய அதே பாரசீகச் சொல். வடக்கே அது வழிப்போக்கர் தங்கும் சத்திரமாகிவிட்டது, துருக்கியில் அரண்மனையாகவே தங்கிவிட்டது.

1481-இல், சுல்தான் இரண்டாம் பயேசித் ஆட்சியில், அரண்மனைப் பணிக்குப் பையன்களைப் பழக்கும் கூடமாகக் கலத்தாசராய்ப் பள்ளி தொடங்கியது என்பது பள்ளியின் மரபு. இன்று நாம் அறியும் உருவம் வந்தது 1868 செப்டம்பர் 1 அன்று. அதற்கு முந்தைய ஆண்டு சுல்தான் அப்துல்அசீஸ் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய் வந்திருந்தார். பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் விக்தோர் துருயின் யோசனையில், பிரெஞ்சு மொழியைப் பெரிதும் பாடமொழியாகக் கொண்டு, மெக்தெப்-இ சுல்தானி என்ற பெயரில் பள்ளி திறந்தது. மெக்தெப். எங்கள் ஊரில் சாயங்காலம் தொப்பி போட்டுக்கொண்டு ஓதப் போன இடத்தை மக்தப் என்போம். அரபியில் எழுதுவதைக் குறிக்கும் வேரில் இருந்து வந்த சொல். எழுத்துப் பழகும் இடம். அந்தச் சுல்தானின் மெக்தெப்பில் முஸ்லிம், ஆர்மீனியர், கிரேக்கர், யூதர், பல்கேரியர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்றைய மதத் தலைவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த அணியின் உண்மையான தொடக்கம் அந்த பெஞ்சுதான் என்று நான் நம்புகிறேன்.

1905 அக்டோபர். ஐந்தாம் வகுப்பு என்று அன்றைய கணக்கில் சொல்வார்கள், நம் கணக்கில் மேல்நிலைப் பள்ளி வயது. மெஹ்மத் அத்தா பே என்ற ஆசிரியரின் இலக்கிய வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. சில பையன்கள் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுத்து, ஒரு கால்பந்துக் கழகம் தொடங்குவதென்று முடிவு செய்கிறார்கள். முதல் உறுப்பினர் எண் அலி சமி என்பவருக்கு. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. நோக்கத்தை அவரே பிற்பாடு மூன்றாகச் சொன்னார்: ஆங்கிலேயரைப் போலக் கூட்டாக ஆடுவது, ஒரு நிறமும் ஒரு பெயரும் உடையவர்களாவது, துருக்கியர் அல்லாத அணிகளை வெல்வது.

முதலாவதையும் மூன்றாவதையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என் கண் எப்போதும் நடுவில் இருப்பதில் போய் நிற்கும். ஒரு நிறம், ஒரு பெயர். ஆடத் தொடங்கும் முன்பே அது வேண்டும் என்று அந்தப் பையன்களுக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைய இஸ்தான்புல்லில் அது எளிதில் கிடைக்கும் பொருளும் இல்லை. சுல்தான் இரண்டாம் அப்துல்ஹமீதின் காலம். நாலு இளைஞர்கள் கூடினால் ஒற்றர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சங்கங்களுக்கென்று ஒரு சட்டம் கிடையாது, ஆகவே பதிவும் கிடையாது. கால்பந்து ஆடியவர்கள் ஆசியக் கரையில் கடிக்கோய், மோடா பகுதிகளில் வீடு கட்டியிருந்த ஆங்கிலேயர்களும், கிரேக்க இளைஞர்களும்தான். 1899 வாக்கில் சில துருக்கிய இளைஞர்கள் கருப்பு காலுறை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒளிந்து ஒரு அணி தொடங்கினார்கள். 1901-இல் கிரேக்க அணி ஒன்றோடு ஆடி 5-1 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வியைவிட, ஆட்டம் முடிந்ததும் வந்து நின்ற போலீஸ்தான் அந்த அணியை முடித்து வைத்தது. கலத்தாசராய்ப் பையன்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் வகுப்பில் கிசுகிசுத்தார்கள்.

சேர்ந்து தொடங்கியவர்களின் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு விஷயம் படுகிறது. ஒன்று, இலக்கிய வகுப்பு வீண் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த எமின் புலெந்த் கவிஞரானார், தஹ்சின் நாஹித் கவிஞரும் நாடகாசிரியரும் ஆனார், ஆபிதின் தாவெர் பத்திரிகையாளரானார். இரண்டு, பட்டியலில் போரிஸ் நிகோலோவ் என்ற பல்கேரியப் பெயரும், மிலோ பாகிச், பாவ்லே பாகிச் என்ற ஸ்லாவியப் பெயர்களும் இருக்கின்றன. துருக்கியர் அல்லாதவர்களை வெல்வோம் என்று தொடங்கிய அணியில் துருக்கியர் அல்லாத பையன்களும் இருந்தார்கள். அந்த வாக்கியத்தை இன்றைய அரசியல் மேடையில் நின்று படித்தால் ஒரு பொருள் வரும். அந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் வேறு பொருள் வரும்: மோடாக்காரர்கள் மட்டும்தான் ஆடுவார்களா, எங்கள் பள்ளிப் பையன்களும் ஆடுவோம் என்ற ரோஷம்.

அலி சமியின் தகப்பனாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் ஷெம்செத்தின் சமி. அல்பேனியர். துருக்கிமொழியின் பெரும் அகராதிகளில் ஒன்றான 'காமூஸ்-இ துர்க்கி'யைத் தொகுத்தவர். துருக்கிமொழியின் முதல் நாவல்களில் ஒன்றையும் எழுதியவர். அதே மனிதர் சாமி ஃப்ராஷெரி என்ற பெயரில் அல்பேனிய மறுமலர்ச்சியின் முன்னோடி. 1879-இல் அல்பேனிய மொழிக்கென்று இலத்தீன் எழுத்துகளை அடிப்படையாக வைத்து ஒரு நெடுங்கணக்கை உருவாக்கியவர். அதை இஸ்தான்புல் நெடுங்கணக்கு என்றே சொல்கிறார்கள். அவருடைய அண்ணன் நாயிம் அல்பேனியாவின் தேசியக் கவி. இரண்டு மொழிகளுக்கு இப்படி உழைத்த அந்த மனிதர் 1904-இல் இறந்தார். அடுத்த வருடம் மகன் கழகம் தொடங்கினார். சொல்லையும் எழுத்தையும் சோறு போலப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பெயரை அவர்கள் வைக்கவில்லை என்பதுதான் அழகு. முதலில் குளோரியா என்று யோசித்தார்கள், வெற்றிப் புகழ் என்ற பொருளில். பிறகு ஒடாஸ், பிரெஞ்சில் துணிச்சல். இரண்டும் படித்த பையன்களின் பெயர்கள். புத்தகத்தில் இருந்து எடுத்தவை. ஆரம்ப ஆட்டம் ஒன்றில் அவர்கள் ஜெயித்தபோது, வேடிக்கை பார்த்தவர்கள் "கலத்தா சராய் எஃபெந்திகள்" என்று அவர்களைச் சுட்டினார்களாம். கலத்தாசராய்ப் பிள்ளைகள், அந்தப் பள்ளிக்கூடத்து ஐயாமார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜனங்களின் வாயில் வந்த பெயரைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் ஒரு குடும்பத்துக்குப் பட்டப்பெயர் விழுவது போலத்தான். நீங்கள் யார் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரில் நிற்பவன் சொல்லிவிடுகிறான்.

நிறத்துக்கு வருகிறேன். என் தொழிலும் என் பற்றும் சேரும் இடம் இது.

முதலில் சிவப்பும் வெள்ளையும் உடுத்தினார்கள். அது கொடியின் நிறம், அரசாங்கத்துக்கு உறுத்தியது. பிறகு மஞ்சளும் கருப்பும் உடுத்திப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. தங்கள் நிறத்தைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கடைசியில் இஸ்தான்புல்லின் பாச்செகபி பகுதியில் குண்டு யான்கோ என்று பெயர் பெற்ற கிரேக்கரின் துணிக்கடை. அங்கே இரண்டு கம்பளித் துணிகள் கண்ணில் பட்டன. ஒன்று விஷ்னேயை நெருங்கும் அடர் சிவப்பு. இன்னொன்று ஆரஞ்சின் சுவடு கொண்ட நிறைந்த மஞ்சள். கடைப் பணியாளர் தேர்ந்த கையசைவில் இரண்டையும் ஒன்றின் அலைக்குள் இன்னொன்று புகும்படி விரித்துக் கலந்தார். ஒரு சிறு குருவியின் தலைக்கும் இறக்கைக்கும் இடையே விளையாடும் நிறங்களைப் போல ஒரு பளபளப்பு எழுந்தது, நெருப்புக்குள் நிறங்கள் ஆடுவதைப் பார்ப்பது போல இருந்தது என்று அலி சமி எழுதுகிறார். அந்தத் தழல் தங்கள் அணியின் மேல் எரிந்து வெற்றிக்குக் கூட்டிப் போகும் என்று அங்கேயே கனவு கண்டார்களாம்.

விஷ்னே என்றால் புளிப்புச் செர்ரி. முதல் முறை இஸ்தான்புல் போனபோது விடுதியில் காலை உணவோடு விஷ்னே சாறு ஒரு கிளாஸ் வைத்தார்கள். கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கருமை, ஓரத்தில் தீச்சிவப்பு. நாங்கள் இரண்டே டிப்பில் பாஸ் வாங்கிய சிவப்பு அதுதான். எதற்குப் பாஸ் ஆனது என்று அன்றுதான் தெரிந்தது. மஞ்சளுக்கு அலி சமி போட்டிருக்கும் அடைமொழி 'தொக்'. துருக்கியில் வயிறு நிறையச் சாப்பிட்டவனை அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். வயிறு நிறைந்த மஞ்சள். குருவி என்று அவர் சொல்வது அவர்கள் ஊரில் சக்கா என்னும் பறவை; முகத்தில் சிவப்பு, இறக்கையில் ஒரு மஞ்சள் பட்டை. பறவை சின்னது, அது திரும்பும் நொடியில் இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியும்.

துணிக்கடையில் நின்று பழகியவர்களுக்கு அந்தக் கையசைவு தெரியும். துணித் தானைத் தூக்கி உதறி, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினால் துணி காற்றில் ஒரு கணம் நிற்கும். விற்பனை அந்தக் கணத்தில் முடிந்துவிடும். தட்டையாக மடித்து வைத்த இரண்டு துணியைப் பார்த்து யாருக்கும் நெருப்பு நினைவுக்கு வராது. கலத்தாசராயின் நிறத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று என்னைக் கேட்டால், அலி சமியோடு அந்தப் பெயர் தெரியாத பணியாளரையும் சேர்த்துத்தான் சொல்வேன். 1908 டிசம்பரில் பார்ஹம் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலின் மாலுமிகள் அணியோடு ஆடியபோது மஞ்சளும் சிவப்பும் மைதானத்துக்கு வந்தன.

என் மனசில் தோன்றும் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. 1907-இல் பள்ளிக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. வகுப்புகளை நீரிணைக்கு அக்கரையில் பெய்லர்பெயிக்கு மாற்றினார்கள். தங்கள் பள்ளி எரிந்து அதிக காலம் ஆகாத பையன்கள், இரண்டு துணி சேர்ந்தபோது நெருப்பைப் பார்த்தார்கள். எரித்த நெருப்பையே சட்டையாகப் போட்டுக்கொண்டார்களோ என்று தோன்றும்.

நிறத்துக்கு இன்னொரு கதை உண்டு, பள்ளியில் எல்லோரும் சொல்லும் கதை. சுல்தான் பயேசித் மாறுவேடத்தில் உலாப் போனபோது, கலத்தா மேட்டில் ரோஜாத் தோட்டம் ஒன்றைக் கண்டார். தோட்டக்காரர் குல் பாபா என்ற துறவி. என்ன வேண்டும் என்று சுல்தான் கேட்க, தனக்கு எதுவும் வேண்டாம், இங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டு என்று சொல்லி, ஒரு சிவப்பு ரோஜாவும் ஒரு மஞ்சள் ரோஜாவும் கொடுத்தார். குல் என்றால் ரோஜா. குலாப் ஜாமூனில் இருக்கிற அதே குல். குல் பாபா என்ற பெயருள்ள பெக்தாஷி துறவியின் சமாதி ஹங்கேரியில், புதாபெஸ்ட் நகரில் இருக்கிறது. அந்தக் குன்றின் பெயரே ரோஜாக் குன்று. 1541-இல் அங்கே இறந்தவர் அவர். 1481-இல் தோட்டம் வைத்திருந்த பெரியவரும் அவரும் ஒருவராக இருக்க ஆயுள் ரொம்ப நீளமாக வேண்டும். கதையை நான் வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் தூக்கிப் போடவும் மாட்டேன். பரிசு என்ன வேண்டும் என்று கேட்ட ராஜாவிடம் பள்ளிக்கூடம் கேட்ட ஒரு ஆளைத் தங்கள் பாட்டனாக வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

அடுத்தது சின்னம். முதல் சின்னத்தை வரைந்தவர் ஷெவ்கி எகே. அவருடைய பள்ளி எண் 333 என்பது இன்று வரை அவர் பெயரோடு ஒட்டியே சொல்லப்படுகிறது. வருகைப் பதிவேட்டில் இருந்த எண் ஒரு மனிதனின் பட்டமாகிவிட்டது. இறக்கை விரித்த கழுகு, அலகில் ஒரு பந்து. யார் மனசிலும் அது ஒட்டவில்லை. கழுகு இன்று பெஷிக்தாஷ் அணியின் அடையாளம். 1923-இல் இன்னொரு மாணவர், ஆயெதுல்லா எமின், இரண்டு எழுத்துகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து வரைந்தார். கலத்தாவின் முதல் எழுத்து கைன். சராயின் முதல் எழுத்து சீன். அரபு வடிவத்தில்.

அந்தப் பழைய சின்னத்தின் படத்தை முதலில் பார்த்த பொழுது நான் வாய்விட்டு வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். மக்தப்பில் உஸ்தாது பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லித் தந்த எழுத்துகள். கைன், வளைந்த வாயும் தலையில் ஒரு புள்ளியும். சீன், மூன்று பல். ஓதுவதற்கு மட்டும் என்று நான் நினைத்திருந்த எழுத்தை ஒரு பையன் பந்து விளையாட்டுக்கு வரைந்திருக்கிறான். சீனின் பல் வரிசையும் கைனின் வளைவும் எங்கே தொட வேண்டும் என்று அவன் எத்தனை தாளைக் கிழித்திருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தே வருடம். 1928 நவம்பரில் துருக்கி தன் எழுத்தையே மாற்றிக்கொண்டது. அரபு எழுத்து போய் இலத்தீன் வந்தது. பெயர்ப்பலகை, பாடநூல், பத்திரிகை எல்லாம் ஒரே மூச்சில் மாறின. கைனும் சீனும் ஜி-யும் எஸ்-ஸும் ஆயின. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று கோத்த அந்த அமைப்பு அப்படியே நின்றது. இன்றைக்கும் சின்னத்தைப் பாருங்கள். இலத்தீன் எழுத்துதான், இருந்தாலும் எழுதுகோல் பிடித்து வலமிருந்து இடமாக எழுதிய ஒரு கையின் வளைவு அதில் தெரியும். தகப்பனார் 1879-இல் தன் தாய்மொழிக்கு இலத்தீன் எழுத்தைத் தேடிக் கொடுத்தார். ஐம்பது வருடம் கழித்து மகனின் கழகச் சின்னம் அதே பாதையில் நடந்தது. அலி சமி அதை உட்கார்ந்து யோசித்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன். 1934-இல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. அகராதிக்காரரின் மகன் மூன்றெழுத்தில் ஒரு வினைச்சொல்லை எடுத்தார். யென். வெல் என்று பொருள். துருக்கியில் சட்டைக் கையின் முனைக்கும் யென் என்றுதான் பெயர். கை முறிந்தாலும் யெனுக்குள் இருக்கட்டும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு, வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்பதற்கு. என்னைப் போன்றவனுக்கு இரண்டு பொருளும் பிடிக்கும்.

சிங்கம் வந்தது வெகு சுலபமாக. நிஹாத் பெக்திக் என்ற தடுப்பாட்டக்காரர் இருபது வருடங்கள் ஆடினார். அவரைச் சிங்க நிஹாத் என்று கூப்பிட்டார்கள். ஆளின் பட்டம் அணியின் பட்டமாகிவிட்டது. 'ஜிம் பொம் பொம்' என்ற முழக்கம் சுவிட்சர்லாந்தில் கேட்ட ஒரு பாட்டில் இருந்து வந்தது என்று சொல்வார்கள்; வேறு கதைகளும் உண்டு. மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் அதைக் கத்தும்போது மூலத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. சட்டையின் மேல் நட்சத்திரங்கள் பிந்திய காலத்துச் சங்கதி: ஐந்து லீக் பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் என்ற கணக்கில் 2025-இல் 25-ஆவது பட்டத்தோடு ஐந்தாவது வந்தது. கணக்கு சரிதான். யான்கோ கடை போல அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த முதல் பையன்கள் வேகமாகவே ஜெயித்தார்கள். 1906-இல் இஸ்தான்புல் லீகில் நுழைந்து, 1909, 1910, 1911 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். 1909 ஜனவரி 17 அன்று, இன்று பரம எதிரியான ஃபெனர்பாச்சே அணியோடு முதல் ஆட்டம், 2-0. கடிக்கோயில் பாதிரியார் புல்வெளி என்று சொல்லப்பட்ட இடத்தில்தான் அந்தக் கால ஆட்டங்கள் நடக்கும். படகேறிக் கரை மாறிப் போய் ஆடுவார்கள். அந்தப் புல்வெளியில் இன்று நிற்பது ஃபெனர்பாச்சேயின் மைதானம்.

பிறகு யுத்தம். பள்ளியில் இருந்தும் அணியில் இருந்தும் போனார்கள். வகுப்பில் கிசுகிசுத்தவர்களில் ஒருவரான ஜெலால் இப்ராஹிம் திரும்பவில்லை. ஹஸ்னுன் காலிப் 1915-இல் கலிப்போலிப் போரில் இறந்தார். பெயோலுவில் கழகத்தின் பழைய அலுவலகம் இருந்த சந்துக்கு அவர் பெயர். குறுகலான சந்து. நான் போனபோது மேல் மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, கீழே இரண்டு பேர் டீக் கிளாஸோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இருந்த பெயர்ப்பலகையைப் படம் எடுத்தபோது அவர்கள் எழுந்து ஓரமாக நின்றார்கள், பலகை மறைக்காமல் இருக்க.

பள்ளியில் வேர் பிடித்த கழகம் இது ஒன்று மட்டுமல்ல. 1908-இல் வெஃபா என்ற பள்ளியின் மாணவர்கள் பச்சையும் வெள்ளையும் உடுத்தி ஒரு கழகம் தொடங்கினார்கள். வெஃபா என்றால் விசுவாசம். வெகுகாலம் முதல் நிலையில் ஆடிய அணி, 1974-இல் இறங்கியது, பிறகு மேலே வரவில்லை. அந்தப் பேட்டையில் போசா என்ற புளித்த தானியக் கூழ் பிரபலம். கரண்டியால் சாப்பிட்டுவிட்டு ஆட்கள் போய்விடுகிறார்கள், கழகத்தை யாரும் கேட்பதில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். கலத்தாசராய் தப்பிப் பிழைத்ததற்குப் பள்ளியின் செல்வாக்கும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்றும் கழக உறுப்பினர் ஆவதில் பழைய மாணவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. அந்தப் பள்ளியின் வாசலை மிதிக்காத கோடிக்கணக்கான ரசிகர்களில் சிலருக்கு அது வருத்தம். அந்த வருத்தம் நியாயமானது. பெயரைக் கொடுத்ததே வெளியே நின்று பார்த்த ஜனங்கள்தானே.

பள்ளிக் கதவு இஸ்திக்லால் சாலையில், சிவப்பு டிராம் மணி அடித்துக்கொண்டு போகும் வளைவில் இருக்கிறது. ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு இரும்புக் கதவு. உள்ளே மரங்களுக்குப் பின்னால் மஞ்சள் கட்டடம். அந்த வாசலுக்கு எதிரில்தான், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 1995 முதல் தாய்மார்கள் சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்தார்கள். ஜூன் மாதம் முதல் ஞாயிறு பிலாவ் நாள். பழைய மாணவர்கள் எல்லோரும் வந்து, விடுதியில் தின்ற அதே பிலாவைத் தட்டில் வாங்கிச் சாப்பிடுவார்கள். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பள்ளி எண் சொல்லிக் கூப்பிடுவதை என் நண்பர் பார்த்திருக்கிறார். நான் போனது மார்ச் மாதம். கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே ஒரு பையன் புத்தகப் பையைக் காலால் தள்ளிக்கொண்டே போனான், பந்து போல.

2000 மே 17 அன்று கோபன்ஹேகனில் ஆர்சனலை பெனால்டியில் வென்று யூஃபா கோப்பையை வாங்கிய அணி, துருக்கியில் இருந்து அதற்கு முன் யாரும் வாங்காத கோப்பை, அந்த முற்றத்தில் இருந்து புறப்பட்டதுதான். அலி சமி யென் அதைப் பார்க்கவில்லை. 1951-இல் போய்விட்டார். 1964-இல் மெஜிதியேகோயில் திறந்த மைதானத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள், அது 2011-இல் மூடி இடிபட்டது. இப்போது செய்ரான்தெபேயில் இருக்கும் புதிய வளாகத்துக்கும் அவர் பெயர் உண்டு, ஸ்பான்சர் பெயருக்குப் பக்கத்தில்.

பள்ளிக் கதவைப் பார்த்த அன்று சாயங்காலம் பாலம் கடந்து பாச்செகபிக்குப் போனேன். சொல்லுக்குப் பொருள் தோட்டவாசல். தோட்டமும் இல்லை, வாசலும் இல்லை. 1777-இல் தொடங்கிய ஹாஜி பெகிர் மிட்டாய்க் கடை இருக்கிறது. டிராம், புறா, சிமிட் ரொட்டி விற்பவர்கள். யான்கோ கடை எது என்று கேட்பதில் பயனில்லை என்று தெரியும். பக்கத்துத் தெருவில் கோட்டுத் துணி விற்கும் ஒரு சின்னக் கடையில் ஏறினேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அபி என்று கூப்பிட்டேன், அண்ணன் என்று அர்த்தம். இரண்டு கம்பளித் துணி வேண்டும், ஒன்று விஷ்னே சிவப்பு, ஒன்று தொக் மஞ்சள் என்று நண்பர் எழுதித் தந்த தாளைக் காட்டினேன்.

அவர் தாளைப் படித்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். எதற்கென்று புரிந்துவிட்டது. சிவப்பை எடுத்து மேசையில் போட்டார். மஞ்சளுக்கு ஏணி வைத்து ஏறினார். இரண்டையும் விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு உதறு உதறினார். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு கணம் துணி நின்றது. பிறகு சிவப்பை மெதுவாக உருவி ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியில் இருந்து கருநீலத் துணி ஒன்றை எடுத்து மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மஞ்சளும் கருநீலமும் ஃபெனர்பாச்சே.

டீ வரவழைத்தார். குடிக்கும் நேரம் முழுக்க நான் அந்த மஞ்சளைத் தடவிக்கொண்டிருந்தேன். நல்ல துணி, கனமான நெசவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அதில் ஆரஞ்சு இல்லை.